மியாக்கோத் தீவில் மீமும் நூனும்

கடலுக்கு ‘இம்’ என்றும் நாய்க்கு ‘இன்’ என்றும் பெயரிட்டு வழங்கும் மக்கள் கூட்டம் ஒன்று கிழக்குக் கோடியில் உண்டு. அவர்களே தாம் வழிபடும் தெய்வத்தைக் ‘கம்’ என்பர். கரையோரத்தில் பக்கவாட்டில் ஓடும் நண்டைக் ‘கன்’ என்பர். இதழ் இரண்டும் பொருந்தினால் கடல். இதழ் திறந்திருக்க நாவின் நுனி மேற்பல்லின் பின்னே சென்று ஒட்டினால் நாய். மூக்கின் வழியே வரும் ஒலியோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. இவ்வளவு நுண்ணிய ஒரு வேறுபாட்டின் தலையில் இவ்வளவு பெரிய பொருட்சுமையை ஏற்றி வைத்துப் பல நூற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு நூனையும் மீமையும் பிரித்துக் காட்டுவதையே பணியாகக் கொண்ட நமக்கு, இச்செய்தி கிடைத்த நாள் முதல் மனம் அதிலேயே தங்கிவிட்டது.

ஜப்பான் நாட்டின் தென்மேற்கே, கியூஷூத் தீவுக்கும் தைவானுக்கும் இடையே வில்போல் வளைந்து கிடக்கும் தீவுத்தொடர் ரியூக்யூ எனப்படும். அதன் நடுவில் ஒக்கினாவாப் பெருந்தீவு. அங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் மியாக்கோத் தீவுக் கூட்டம். மலையில்லாத தட்டையான நிலம், கரும்பு வயல், சுற்றிலும் பவளப் பாறை. இத்தீவுகளின் மொழி ஜப்பானிய மொழிக்கு உடன்பிறப்பு முறை; மகளன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றினவே ஆயினும், டோக்கியோவிலிருந்து வரும் ஒருவர் மியாக்கோ முதியவரின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது. மியாக்கோவின் பேச்சே ஷூரியின் ஒக்கினாவாப் பேச்சுக்கு எட்டாது. ஆனால் ஆள்வோர் நெடுங்காலமாக இவற்றைக் ‘கிளைவழக்கு’ என்றே குறித்து வந்தனர். எது மொழி, எது கிளைவழக்கு என்பதை நாவு தீர்மானிப்பதைவிட அரசு தீர்மானிப்பதே உலகில் அதிகம் போலும்!

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பிழைப்பின் பொருட்டு ஒக்கினாவாவின் நாஹா நகரில் சில காலமாக இருந்து வருகிறார். அவர் இராபுத் தீவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து, “உஸ்தாத், இதில் எது மீம், எது நூன் என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்று அனுப்பியிருந்தார். அம்மூதாட்டி இம், இன், கம், கன் என நான்கு சொற்களையும் முன்பின்னாக மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார். கேட்டோம்; மறுபடியும் கேட்டோம். மெல்லிய முனகல் ஒன்று நீண்டு முடிகிறது. அதற்குமேல் எதுவும் பிடிபடவில்லை. அடுத்த நாள் அதே மாணவர் அதே மூதாட்டியின் முகம் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினார். இப்போது ஐயத்துக்கே இடமில்லை. ‘இம்’ என்றபோது சுருக்கம் விழுந்த அவ்விதழ்கள் பெட்டியின் மூடிபோல் வந்து பொருந்தின. ‘இன்’ என்றபோது சற்றே திறந்திருந்தன.

ஓதல் கலையைக் கற்றோர்க்கு இதில் வியப்பில்லை. மீமின் பிறப்பிடம் இரு இதழ்கள்; நூனின் பிறப்பிடம் நாவின் நுனியும் மேற்பல்லின் ஈறும். இவ்விடங்களை மக்ரஜ் என்போம். ஆனால் இவ்விரண்டுக்கும் உயிராக நிற்பது குன்னா என்னும் மூக்கோசை. அதன் இடம் கைஷூம் என்னும் மூக்குக் குகை. வாயின் பின்புறத்தில் தொங்கும் மெல்லண்ணம் கீழே இறங்கி மூக்கின் வாயிலைத் திறந்துவிட, காற்று அங்கே செல்கிறது. வாயில் இதழோ நாவோ அடைத்து நிற்கிறது. ஆகவே நம் காதுக்கு முதலில் எட்டுவது குகையின் முழக்கமே. கதவு எது என்பது இரண்டாம் பட்சம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் கற்ற இலக்கணப் பேரறிஞர் ஸீபவைஹி, மூக்கைப் பிடித்துக்கொண்டால் இவ்விரண்டு எழுத்துகளிலும் ஓசை ஓடாது என்று சோதனை செய்து சொல்லியிருக்கிறார். நம் தொல்காப்பியரும் மெல்லெழுத்து ஆறும் தத்தம் இடத்தில் பிறந்தாலும் மூக்கின் காற்றால் இசைப்பவை என்றே வகுத்தார்.

ஒரு சொல்லின் நடுவில், பின்னே உயிரெழுத்து வரும்போது, மகரமும் னகரமும் எளிதில் பிரிந்து கேட்கும். மா, நா என்று சொல்லிப் பாருங்கள்; கதவு திறக்கும் அந்தக் கணத்திலேயே எந்தக் கதவு என்று காது அறிந்துகொள்ளும். சொல்லின் முடிவில் கதவு மூடுகிறது; திறப்பதில்லை. அங்கேதான் இடர்ப்பாடு. ஜப்பானிய மொழி இவ்விடரைத் தொடவே இல்லை. அதில் தெய்வம் ‘கமி’, நண்டு ‘கனி’, கடல் ‘உமி’, நாய் ‘இனு’. ஈற்றில் உயிர் நின்று காவல் செய்கிறது. மியாக்கோ மக்களின் முன்னோர் அந்த ஈற்று உயிரை நாளடைவில் தேய்த்துவிட்டனர். காவலன் போனபின் மகரமும் னகரமும் வாசலில் தனியே நின்றன. பிற மொழிகளில் இத்தகைய நிலையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு. மியாக்கோவின் எல்லா ஊர்களும் இவ்வேறுபாட்டைக் காத்தன என்றும் சொல்ல இயலாது. ஆனால் ஹிராராவிலும் இராபுவிலும் ஓகாமியிலும் முதியோர் நாவில் அது பிழைத்து நின்றது.

ஜப்பானியர் சொல் ஈற்றில் ஒரே ஒரு மூக்கொலியைத்தான் அறிவர். அதற்கு ஓர் எழுத்தும் வைத்திருக்கின்றனர். அவ்வெழுத்துக்குச் சொந்த வீடு கிடையாது. பின்னே வரும் எழுத்தின் வீட்டில் போய்த் தங்கிக்கொள்ளும். செய்தித்தாளுக்கு அவர்கள் மொழியில் ‘ஷின்’, ‘புன்’ என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர். வாயில் வருவதோ ஷிம்புன். இதை நம் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. வெள்ளிதோறும் கதீப் ஏறி நின்று குத்பா ஓதும் மேடையை நாம் எல்லோரும் மிம்பர் என்கிறோம். அரபியில் அதை எழுதுவது நூன் கொண்டு. பகரத்தைக் கண்டதும் நூன் மீமாக மாறுகிறது. நபிமார்களை அம்பியாக்கள் என்கிறோமே, அதுவும் அவ்வாறே. தஜ்வீத் நூலார் இதற்கு இக்லாப் என்று பெயரிட்டனர். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைக்கு இதை யாரும் விதியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவன் நாவு தானே செய்கிறது. விதியைப் பெயரிட்டு வைத்த பெருமை நம் காரிகளுக்கு உண்டு.

இனி, மியாக்கோவின் விந்தைகளுள் நாம் பெரிதும் சுவைத்தது ஒரு கிழங்கின் பெயர். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஜப்பானியர் ‘இமோ’ என்பர். ஒக்கினாவாவில் அது ‘ன்மு’. மியாக்கோவிலோ வெறும் ‘ம்ம்’. முன்னும் உயிரில்லை, பின்னும் உயிரில்லை. இதழை மூடி இரண்டு மாத்திரை முழங்கினால் கிழங்கு வந்துவிடும். மெய் தானே இயங்காது, உயிரோடு கூடினால்தான் இயங்கும் என்று படித்து வளர்ந்த நமக்கு, உயிரே இல்லாமல் உடம்பு எழுந்து நடப்பதுபோல் இருந்தது. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அதிலும் மகரம் சில இடங்களில் தேய்ந்து கால் மாத்திரையாகும்; அதற்கு மகரக்குறுக்கம் என்று தனிப்பெயரே உண்டு. ஓதலிலோ ஷத்து பெற்ற மீமுக்கு இரண்டு ஹரகத் அளவு குன்னா நிறுத்த வேண்டும். ஆக, தமிழில் காலாகச் சுருங்கும் மகரமும், அரபியில் இரண்டாக நீளும் மகரமும், மியாக்கோவில் தானே ஒரு சொல்லாக நிற்கும் மகரமும் ஒரே இதழ்களில்தான் பிறக்கின்றன. மியாக்கோவில் ஒரு பெயர்ச்சொல் இரண்டு மாத்திரைக்குக் குறையலாகாது என்பது ஒரு கட்டுப்பாடு. ஆகவேதான் கிழங்கு ஒற்றை ‘ம்’ ஆகத் தேயாமல் இரட்டையாய் நின்றுகொண்டது.

அந்தக் கிழங்கையும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். 1605 ஆம் ஆண்டில் சீனத்தின் ஃபூஜியனிலிருந்து ஒக்கினாவாவுக்கு அது கொண்டுவரப்பட்டது என்பது வரலாறு. புயல் நெற்பயிரை அழித்த ஆண்டுகளில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து மக்களைக் காத்தது அதுதான். குழந்தை பசித்துக் கேட்கும்போது வாயைத் திறக்காமலேயே கேட்கத்தக்க ஓர் உணவு! (ஓகாமி என்னும் சிற்றூர்த் தீவில் சீப்புக்குப் பெயர் ‘ஃப்ஃப்’. குரலே இல்லாமல் வெறும் காற்றினால் ஒரு சொல். இது மூக்கொலி அன்று. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

ஷூரியின் ஒக்கினாவா மொழியில் வேறொரு நுட்பம். அங்கே ‘ன்னி’ என்றால் மார்பு. அதே ‘ன்னி’யைத் தொடங்கும் முன் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்தால் நெற்பயிர். அந்தத் தொண்டை அடைப்பு நமக்கு நன்கு பழகிய ஹம்ஸாவே அன்றி வேறில்லை. எங்கிருந்து வந்தது இது? நெற்பயிருக்கு ஜப்பானியத்தில் ‘இனே’, மார்புக்கு ‘முனே’. உயிரில் தொடங்கிய சொல்லுக்கு முன்னே தொண்டை அடைப்பு இயல்பாக இருந்தது. பின்பு அந்த இகரம் மறைந்தது. அதன் முன் நின்ற ஹம்ஸா மட்டும் மறையாமல் னகரத்தின் முதுகில் ஏறிக்கொண்டது. மார்பின் முன்னே மகரம் இருந்தமையால் அங்கே ஹம்ஸாவுக்கு இடமில்லை. இறந்துபோன உயிரெழுத்தின் காலடி, மண்ணில் அல்ல, தொண்டையில் பதிந்து கிடக்கிறது.

மியாக்கோவின் வடக்கே இக்கெமா என்றொரு சிறு தீவு. 1992 முதல் பாலம் அதனைப் பெரிய தீவோடு இணைக்கிறது. இக்கெமா மக்கள் முன்பே இராபுவின் சராஹாமாவிலும் மியாக்கோப் பெருந்தீவின் நிஷிஹாராவிலும் சென்று குடியேறித் தம் பேச்சை மூன்று இடங்களில் விதைத்தவர்கள். அவர்கள் வாயில் கேட்கும் மூக்கொலி ஒன்று, ஓதல் கலை கற்றோர் காதில் இடியாய் விழத்தக்கது. எழுத்துகளை ஹம்ஸ் என்றும் ஜஹ்ர் என்றும் இரண்டாகப் பிரிக்கிறோம் அல்லவா? மூச்சு ஓடும்படி சொல்லப்படுபவை ஹம்ஸ், அவை பத்து. குரல் முழங்க, மூச்சு அடங்கிச் சொல்லப்படுபவை ஜஹ்ர். நூனும் மீமும் ஜஹ்ரிலேயே நிற்கும். அவற்றை ஹம்ஸாகச் சொல்வதைக் கனவிலும் நாம் கருதியதில்லை. இக்கெமாவில் அது நாள்தோறும் நடக்கிறது. மேகத்துக்கு அவர்கள் ‘ஹ்ம்மு’ என்பர். கயிற்றுக்கு ‘ஹ்ன்ன’ என்பர். தொடக்கத்தில் வருவது ஹகரம் அன்று. இதழோ நாவோ முன்பே தன் இடத்தில் போய் மூடிவிட்டது. மூச்சு மூக்கின் வழியே குரலின்றிச் சீறிச் செல்கிறது. அதன்பின் குரல்வளை அதிர்ந்து மூக்கொலி முழங்குகிறது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், முதலில் அசைவின்மையும் பிறகு அதிர்வும் விரலுக்குத் தெரியும்.

மேகம் ஜப்பானியத்தில் ‘குமோ’, கயிறு ‘த்ஸுன’. முன்னிருந்த வல்லொலியும் உயிரும் போய்விட்டன. வல்லொலியின் மூச்சு மட்டும் எஞ்சி, போக வழியின்றி மூக்கில் நுழைந்தது. இப்படி ஓர் ஒலி மனிதனால் ஆகுமா என்று ஐயுறுவோர் ரங்கூனில் வாணிபம் செய்து திரும்பிய குடும்பத்து முதியவர்களைக் கேட்கலாம். பர்மிய மொழியில் வலியைக் குறிக்கும் ‘நா’ வேறு. மூக்கைக் குறிக்கும் ‘ஹ்நா’ வேறு. மூக்கின் பெயரே மூக்கால் மூச்சு விட்டுத்தான் தொடங்குகிறது. நம் பாட்டனார் தலைமுறையினர் அங்கே கடை வைத்துக் கணக்கெழுதியபோது இவ்வொலியைக் காலை முதல் மாலை வரை கேட்டிருப்பர். நமக்கு அதைக் குறித்து வைத்தவர் யாருமில்லை.

இம்முயற்சியில் நம்மைத் தொட்ட இடத்துக்கு வருகிறோம். நம் ஓதல் மரபில் ‘முஷாஃபஹா’ என்றொரு சொல் உண்டு. ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் நேரே பெற்றுக்கொள்வது என்று அதற்குப் பொருள் சொல்வோம். ‘ஷஃபத்’ என்னும் இதழைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அச்சொல். இதழோடு இதழ் எதிர்நோக்கி இருப்பது என்பதே அதன் உட்கிடை. சூரா யூசுஃபின் 11 ஆம் வசனத்தில் ஒரு சொல்லில், ஷத்து பெற்ற நூனின் குன்னா நிற்கும்போதே இதழ்களைக் குவிக்க வேண்டும். அதை இஷ்மாம் என்பர். காதுக்கு அது எட்டாது, கண்ணுக்கே தெரியும். ஆகையால் பார்வையற்ற மாணவருக்கு அதைக் கேட்பித்து விளக்குதல் கடினம் என்று ஆசிரியர்கள் சொல்லி வந்தனர். சொல் என்பது காதின் வேலை மட்டும் அன்று, கண்ணின் வேலையும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ‘இம்’முக்கும் ‘இன்’னுக்கும் உள்ள வேறுபாடும் பாதி கண்ணால் கற்கப்பட்டதே என்று நாம் கருதுகிறோம். தாயின் மடியில் கிடந்து அவள் முகத்தைப் பார்த்த குழந்தைக்கே அது இயல்பாக வாய்க்கும்.

தமிழர்களாகிய நமக்கும் ஈற்று மகரத்தில் ஒரு சோம்பல் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. எழுத்து வழக்கிலேயே நிலம் நிலன் ஆகும், கலம் கலன் ஆகும், அகம் அகன் ஆகும், பொருள் மாறாது. கடைப்போலி என்று அதற்கு நாம் பெயரிட்டு ஏற்றுக்கொண்டோம். பேச்சு வழக்கிலோ மரத்தின் மகரத்தை யார் சொல்கிறார்கள்? இதழ் பொருந்துவதற்குள் மூக்கில் நழுவவிட்டு உயிரையே மூக்கால் சொல்லி முடித்துவிடுகிறோம். நம் மத்ரஸாவில் சிறுவர்கள் வசன முடிவில் நிற்கும்போது இதே வழக்கத்தை மீமின் மேலும் ஏற்றுகிறார்கள். “இதழை மூடு, இதழை மூடு” என்று ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போமோ! அண்மையில் ஒரு நாள் பிள்ளைகளை எதிரெதிரே அமர்த்தி, இம் என்றால் கடல், இன் என்றால் நாய் என்று சொல்லிக் கொடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் செய்தோம். கடலில் நாயும், கரையில் கடலுமாக வகுப்பறை கலகலத்தது. கண்ணைத் திறக்கச் சொன்னதும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அன்று முதல் மீம் சொல்லும்போது அப்பிள்ளைகள் இதழ்களை மூடும் மூடலில் ஒரு பற்று ஏற்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

மூதாட்டியின் பேரப் பிள்ளைகள் இதைக் கற்றார்களா என்று மாணவரிடம் வினவினோம். இல்லை என்றே விடை வந்தது. இதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பல் அன்று. 1429 முதல் தனியரசாய் விளங்கிய ரியூக்யூ, 1609 இல் சத்ஸுமாவின் படையெடுப்புக்கு ஆளாகி, 1879 இல் ஜப்பானின் ஒரு மாவட்டமாக ஆக்கப்பட்டது. பள்ளிகள் வந்தன; பொதுமொழி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் வந்தது. ‘ஹோகென் ஃபுதா’ என்று அதற்குப் பெயர். கிளைவழக்குப் பலகை என்று பொருள். அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அவன் கழுத்தில் மாட்டிவிடுவது. சில பிள்ளைகள் அடுத்தவனைக் கிள்ளிவிடுவார்களாம். அவன் வலி தாளாமல் தாய்மொழியில் கத்துவான். பலகை அவன் கழுத்துக்கு மாறும்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதை ஒரு வரலாற்றுச் செய்தியாக மட்டும் கடந்துபோக இயலவில்லை. பிள்ளையின் நாவைத் திருத்துவது நம் பணி. நாவைத் திருத்துவதற்கும் நாவை வெட்கப்படுத்துவதற்கும் நடுவே உள்ள வேலி மெல்லியது. அதைத் தாண்டிய ஆசிரியர்களை நாமும் நம் இளமையில் கண்டதுண்டு. ஊர்ப்பேச்சு பேசிய ஒரு பையனை அவன் பேசியவாறே பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்கவைத்த ஒருவரின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது. அந்தப் பையன் அதற்குப்பின் வகுப்பில் வாய் திறந்ததில்லை. நம் உஸ்தாத் மர்ஹூம் அவர்களோ எழுத்தைத் திருத்தும்போது தம் வாயைக் காட்டுவார். பிள்ளையின் வாயைக் குறித்து ஒரு சொல் சொல்லமாட்டார். பலகை கட்டிய ஆசிரியர்களுள் பலர் அத்தீவுகளிலேயே பிறந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று மெய்யாகவே விரும்பியவர்கள் என்பதுதான் இதில் வேதனையான பகுதி. 1940 இல் ஜப்பானிய நாட்டுப்புறக் கலை ஆர்வலர் யானகி முனேயோஷி ஒக்கினாவாவுக்கு வந்து, மண்ணின் மொழியை இழிவுபடுத்தாதீர்கள் என்று வாதிட்டபோது, அவரை எதிர்த்து நின்றோருள் உள்ளூர்க் கல்வி அலுவலர்களே முன்னணியில் இருந்தனர்.

1945 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஒக்கினாவாவில் போர் மூண்டிருந்தபோது, அங்கிருந்த ஜப்பானியப் படையின் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது. ஒக்கினாவா மொழியில் பேசுவோர் ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்கப்படுவர் என்பது அதன் சாரம். பாட்டிமார்க்கு வேறு மொழி தெரியாது. வாய் திறந்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அம்மொழியை ஊட்டுவாள்? போருக்குப் பின்பும் பலகை உடனே மறையவில்லை. 1960களில்கூடக் கழுத்தில் அணிந்தோர் உண்டு. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் மியாக்கோ உள்ளிட்ட ரியூக்யூ மொழிகள் அழியும் இடருக்கு உட்பட்டவையாகக் குறிக்கப்பட்டன. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2006 இல், ஒக்கினாவா மாவட்டம் செப்டம்பர் 18 ஐத் தீவுமொழி நாள் என்று அறிவித்தது. நல்ல செயலே. ஆனால் ஜப்பானியத்தின் வீடற்ற மூக்கொலியில் வளர்ந்த நாவு, விழா நாளில் பாட்டியின் சொல்லைச் சொல்ல முயலும்போது, இம்மையும் இன்னையும் ஒன்றாகவே சொல்லும். சொல் இருக்கும், இதழ் மூடாது. ஓதலில் பொருளைக் கெடுக்கும் பிழையை லஹ்ன் ஜலி என்கிறோம்; பொருள் கெடாமல் அழகு குன்றும் பிழையை லஹ்ன் கஃபி என்கிறோம். தெய்வமும் நண்டும் ஒன்றாகிப்போவதை எந்த வகையில் சேர்ப்பது என்று வாசகர்களே சொல்லட்டும்.

இம்மொழியின் ஒலிகளை முதன்முதலில் நுட்பமாகச் செவிமடுத்துக் குறித்த அயலார் ஓர் உருசியர். நிக்கொலாய் நெவ்ஸ்கி என்பது அவர் பெயர். 1915 இல் ஜப்பானுக்குக் கற்க வந்தவர், 1922, 1926, 1928 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை மியாக்கோவுக்குக் கப்பலேறினார். பாடல்களையும் கதைகளையும் சொற்களையும் ஒலிக்குறியீடுகளில் எழுதிக் குவித்தார். 1929 இல் லெனின்கிராடுக்குத் திரும்பினார். 1937 இல் அரசின் கொடிய வேட்டையில் சிக்கிக் கைதாகி, அவ்வாண்டு நவம்பரில் தம் ஜப்பானிய மனைவியோடு சுட்டுக்கொல்லப்பட்டார். 1957 இல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். 1962 இல், தங்குத் என்னும் மறைந்த மொழியைப் பற்றிய அவர் ஆய்வுக்கு லெனின் பரிசு அளிக்கப்பட்டது. மியாக்கோவைப் பற்றிய அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் உருசியாவில் கிடந்தன. 2005 இல் அவற்றின் நகல் பதிப்பு மியாக்கோவிலேயே வெளிவந்தது. ஹிராராவில் அவர் பெயரால் ஒரு தெருவும் இருக்கிறது. சொந்த ஊர்ப் பள்ளிகள் பலகை மாட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கிருந்தோ வந்த ஒருவர் அந்த ஊர் முதியோரின் இதழ்களை உற்று நோக்கி அமர்ந்திருந்தார்.

எழுதி வைப்பதில் உள்ள தொல்லையையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய எழுத்தில் ஈற்று மூக்கொலிக்கு ஒரே குறி என்றோம். அதைக்கொண்டு எழுதினால் கடலும் நாயும் தாளில் ஒன்றே. ஆகவே மியாக்கோவில் தம் மொழியை எழுத விரும்புவோர் சிலர், ‘மு’ என்னும் எழுத்தைச் சிறிதாக்கி ஈற்றில் இட்டு மகரத்தைக் காட்டுகின்றனர். மாணவர் அதன் படத்தை அனுப்பியபோது நமக்குச் சிரிப்பும் நெகிழ்ச்சியும் ஒருங்கே வந்தன. அரபி எழுத்தில் தமிழை எழுதப் புகுந்த நம் முன்னோர் செய்ததும் இதுவே அல்லவா? அரபியில் நூன் ஒன்றே. நமக்கோ ணகரம் வேண்டும், ஙகரம் வேண்டும், ஞகரம் வேண்டும். இருந்த எழுத்துகளுக்கே மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி, அர்வி என்னும் அரபுத்தமிழை ஆக்கி, அதிலே மார்க்க நூல்களையும் மாலைகளையும் எழுதிப் பெண்கள் கையிலும் சேர்த்தார்கள். தம் வாயில் உள்ள ஒலி தாளில் இல்லை என்று கண்டபோது, அவர்கள் வாயை மாற்றிக்கொள்ளவில்லை, தாளை மாற்றினார்கள்.

நம் எழுத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு புள்ளி வைத்தால் இம், ஒரு புள்ளி வைத்தால் இன். இக்கட்டுரையில் எந்தச் சிரமமும் இன்றி அச்சொற்களை நாம் எழுதிக்கொண்டே வந்ததை வாசகர்கள் கவனித்திருக்கலாம். மாணவருக்கு நான்கு சொற்களையும் தமிழில் பெரிதாக எழுதி அனுப்பி, மூதாட்டியிடம் காட்டச் சொல்லியிருந்தோம். அவர் அவ்வெழுத்துகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, புள்ளி வைத்த மகரத்தின் மேல் விரலை வைத்து, எது கடல் என்று கேட்டாராம். அதுதான் என்று மாணவர் சொன்னதும், இதழ்களை மூடி ஒருமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.